ஐந்து கேள்வியில் பி கிடையாது

இலங்கையின் வன்னியில், மல்லாவிப் பக்கம் மாலை நேரத்தில் கணித வகுப்பு எடுக்கிறேன். தகரம் போட்ட கொட்டில், ஆறு வாங்கு, ஒரு கரும்பலகை. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் பதினொரு பேர். கிழமைக்கு ஒரு குட்டிச் சோதினை வைப்பேன். நேரம் போதாது, அதனால் ஐந்தே கேள்வி. திருத்திவிட்டுப் பக்கத்தில் ஏ, பி, சி என்று எழுதிக் கொடுப்பது வழக்கம். போன தவணையில் ஒரு பிள்ளை கொப்பியைத் திறந்து பிடித்தபடி வந்து நின்றாள்.

“சேர், எட்டுச் சோதினை செய்திட்டன். ஏ வந்திருக்கு, சி வந்திருக்கு, எஸ்சும் வந்திருக்கு. ஒருக்காலும் பி வரேல்லை. என்னெண்டு?”

ஆறுதலாய்ப் படி, வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் விடிய விடியப் படித்தாலும் பி வராது. ஐந்து கேள்விச் சோதினையில் பி என்ற எழுத்தே இல்லை.

கணக்கு மிகச் சின்னது. சாதாரண தரப் பரீட்சைக்கு, அதாவது ஓ.எல்.லுக்கு, நாங்கள் எல்லோரும் பாவிக்கிற அளவு இது: 75ம் அதற்கு மேலும் ஏ, 65 முதல் 74 வரை பி, 50 முதல் 64 வரை சி, 35 முதல் 49 வரை எஸ், அதற்குக் கீழே டபிள்யூ, அதாவது சித்தியில்லை. ஐந்து கேள்வியில் ஒரு பிள்ளை எடுக்கக்கூடிய நூற்றுவீதங்கள் மொத்தம் ஆறுதான்: 0, 20, 40, 60, 80, 100. அறுபது சி. எண்பது ஏ. இடையில் கால் வைக்க இடமில்லை. மூன்று சரி என்றால் சி, நான்கு சரி என்றால் நேரே ஏ. எட்டுக் கேள்வி வைத்தாலும் அதே கதைதான். ஐந்து சரி 62.5, அது சி. ஆறு சரி 75, அது ஏ. நான்கு கேள்விக்கும் அப்படியே. ஆனால் மூன்று கேள்வியில் பி வரும். இரண்டு சரியென்றால் 66.7. கேள்வி கூடினால்தான் பி வரும் என்றும் சொல்ல முடியாது.

ஏன் பி மட்டும் இப்படி நழுவுகிறது? பெட்டிகளின் அகலத்தைப் பாருங்கள். பூச்சியத்திலிருந்து நூறு வரை 101 முழு எண்கள். அதில் டபிள்யூவுக்கு 35 எண், ஏக்கு 26, சிக்கும் எஸ்சுக்கும் 15 வீதம். பிக்குப் பத்தே பத்து. கேள்வி ஒன்றுக்கு இருபது புள்ளி என்று பெரிய அடி வைத்து நடக்கிறவன் பத்துப் புள்ளி அகலக் கிடங்கைத் தாண்டிப் போவதில் என்ன அதிசயம்? பத்துக் கேள்வி வைத்தால் ஏழு சரி எடுத்தவனுக்கு மட்டும் பி. இருபது வைத்தால் பதின்மூன்றும் பதினான்கும் பி, பத்திலிருந்து பன்னிரண்டு வரை சி, ஏழிலிருந்து ஒன்பது வரை எஸ். இருபதுக்குக் குறைந்த சோதினைக்கு எழுத்துப் போடுவது, என்னைக் கேட்டால், கண் மட்டத்தில் வயல் அளக்கிற வேலை. எத்தனைக்கு எத்தனை என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். எட்டுக் கிழமை எழுத்துப் போட்ட ஆள் சொல்கிறேன்.

பல்தேர்வு வினா என்றால் இன்னொரு வில்லங்கம் உண்டு. நான்கு விடையில் ஒன்றுக்குப் புள்ளடி போட வேண்டும். பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை. கேள்வியை வாசிக்காமலே கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போடுகிற பிள்ளைக்கும் சராசரியாகக் கால்வாசி சரி வரும். கால்வாசி என்றால் 25, டபிள்யூதான். ஆனால் சராசரிக்கு மேலேயும் கீழேயும் அதிர்ஷ்டம் ஆடும். சோதினை சின்னதாக இருந்தால் ஆட்டமும் பெரிது. ஐந்து கேள்வியில் இரண்டு சரி வந்தாலே 40, எஸ். அப்படிக் குருட்டுவாக்கில் எஸ் அல்லது அதற்கு மேல் எடுக்கிற வாய்ப்பு நூற்றுக்கு 37 அளவில் இருக்கிறது. இருபது கேள்வியில் அது 21 ஆகிறது. நாற்பது கேள்வியில் பத்துக்கு வந்துவிடுகிறது. சாதாரண தர விஞ்ஞானத்தின் முதலாம் பத்திரத்தில் நாற்பது கேள்வி வைப்பதன் நியாயம் இங்கேதான் விளங்கும். கணிதத்தில் பல்தேர்வே இல்லை. இரண்டு பத்திரம், ஒவ்வொன்றும் நூறு புள்ளி, கூட்டி இரண்டால் பிரிப்பது. அதனால் எங்கள் பாடத்தில் அதிர்ஷ்டத்துக்கு வேலை குறைவு என்று பிள்ளைகளுக்கு அடிக்கடி பெருமையடிப்பேன்.

இனி, பல சோதினைகளை ஒன்றாக்கி ஓர் எழுத்துப் போடுகிற இடம். வீடுகளில் சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு பையன் மூன்று சோதினை எழுதினான் என்று வையுங்கள். பத்துக்கு 9, இருபதுக்கு 14, ஐம்பதுக்கு 34. ஒவ்வொன்றையும் நூற்றுவீதமாக்கினால் 90, 70, 68. கூட்டி மூன்றால் பிரித்தால் 76. ஏ. அதே மூன்று கொப்பியையும் எடுத்து, பெற்ற புள்ளியை எல்லாம் முதலில் கூட்டுங்கள்: எண்பதுக்கு 57. நூற்றுவீதம் 71.25. பி. பையனும் அதே பையன், விடைகளும் அதே விடைகள். முதல் வழியில் பத்துக் கேள்விச் சோதினைக்கும் ஐம்பது கேள்விச் சோதினைக்கும் ஒரே மரியாதை. இரண்டாம் வழியில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே மரியாதை. இரண்டையும் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த வழி என்று தவணைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பெறுபேற்றைப் பார்த்த பிறகு வழியைத் தெரிவு செய்கிற ஆசிரியரை நான் நம்பமாட்டேன், என்னையும் சேர்த்துத்தான்.

வராத பிள்ளைக்கு என்ன போடுவது? வன்னியில் இது சும்மா ஒரு கேள்வி இல்லை. கார்த்திகை, மார்கழியில் குளங்கள் வான் பாயும், றோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடும், பஸ் வராது. மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை. வளர்ந்த பையன்கள் வயலில் நிற்பார்கள். 80, 75 எடுத்த பிள்ளை மூன்றாம் சோதினைக்கு வரவில்லை. பூச்சியம் போட்டால் சராசரி 51.7, சி. வராததை விட்டுவிட்டு இரண்டால் பிரித்தால் 77.5, ஏ. ஒரு மழைநாளுக்காக இரண்டு எழுத்து இறங்குகிறது. பூச்சியம் என்பது ‘தெரியாது’ என்று சொல்கிற எண். வராத பிள்ளைக்குத் தெரியுமா தெரியாதா என்று எங்களுக்கே தெரியாதபோது அந்த எண்ணை எப்படி எழுதுவது? நான் கோடு மட்டும் போடுவேன். வேண்டுமென்றே ஒளிக்கிறவர்களும் இருக்கிறார்கள்தான். அவர்களை ஊருக்கே தெரியும்.

அரைப் புள்ளிக் கதையும் உண்டு. 74.5ஐ 75 ஆக்குவதா, விடுவதா? ஆக்குகிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஒவ்வொரு சோதினையையும் தனித்தனியே கிட்டிய முழு எண்ணுக்கு மட்டந்தட்டி, பிறகு சராசரியையும் மட்டந்தட்டினால் பிள்ளைக்கு இரண்டு தரம் தானம் கிடைக்கலாம். கடைசியில் ஒருமுறை மட்டும் தட்டுவதே ஒழுங்கு.

சரி, இந்த எழுத்துகள் எப்போதும் இப்படித்தான் இருந்தனவா? இல்லை. வகுப்புக்கு ஒரு பையனைக் கூட்டிவந்த அவனுடைய அப்பப்பா, தான் ஓ.எல்.லில் கணிதத்துக்கு டி எடுத்ததாகச் சொன்னார். பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். டி என்றால் அவனுக்குத் தோல்விக்குப் பக்கத்தில் நிற்கிற எழுத்து. அவர் காலத்தில் அதுதான் உச்சி: டி அதிவிசேட சித்தி, அடுத்து சி திறமைச் சித்தி, எஸ் சாதாரண சித்தி, எஃப் சித்தியின்மை. ‘எட்டு டி’ எடுத்த வீட்டுக்கு ஊர் முழுக்கப் போய்ப் பார்த்த காலம் அது. பிறகு ஏ, பி, சி, எஸ், டபிள்யூ வந்தது. எட்டு டி இருந்த இடத்தில் இப்போது ஒன்பது ஏ. அதே டி இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் தரப்புள்ளி 1.0 பெறுகிற எழுத்து, அடியிலிருந்து ஒரு படிதான் மேலே. சிரிப்பை அடக்கச் சொல்லிவிட்டு இதைப் பையனுக்கு விளங்கப்படுத்த எனக்குப் பத்து நிமிடம் போனது. எழுத்துக்கென்று சொந்தப் பெறுமதி ஏதும் கிடையாது. அதைத் தாங்கி நிற்கிற அட்டவணைதான் பெறுமதி. அட்டவணை மாறினால் அப்பப்பாவின் பெருமை பேரனுக்குப் பகிடி.

ஒரே பரீட்சைத் திணைக்களத்தின் இரண்டு பரீட்சைகளுக்கே அட்டவணை ஒன்றில்லை. சாதாரண தரத்தில் 50க்கு சி. உயர்தரத்தில், அதாவது ஏ.எல்.லில், சி தொடங்குவது 55இல். 52 எடுத்த பிள்ளை ஓ.எல்.லில் திறமைச் சித்தி, ஏ.எல்.லில் சாதாரண சித்தி. உயர்தரம் படிக்க ஓ.எல்.லில் மூன்று திறமைச் சித்தியோடு ஆறு பாடம் சித்தியடைய வேண்டும் என்பதால், வன்னியின் சின்னப் பள்ளிக்கூடங்களில் 49க்கும் 50க்கும் இடையில் கிடக்கிற அந்த ஒற்றைப் புள்ளிதான் ஒரு பிள்ளையின் அடுத்த இரண்டு வருடத்தைத் தீர்மானிக்கிறது. 75க்கும் 100க்கும் இடையில் கிடக்கிற இருபத்தைந்து புள்ளி ஒன்றையும் தீர்மானிப்பதில்லை. இரண்டும் ஏ. ஓ.எல். பெறுபேற்றில் எழுத்து மட்டும்தான் வரும், புள்ளி வராது. புள்ளியிலிருந்து எழுத்துக்குப் போகலாம், திரும்பி வரப் பாதை இல்லை.

அந்தப் பாதை இல்லாததால்தான் பல்கலைக்கழக அனுமதிக்கு எழுத்துகளை வைத்துத் தரவரிசை போடுவதில்லை. ஒரு பிள்ளை மூன்று பாடத்திலும் 74 வீதம் எடுக்கிறாள். மூன்று பி. மொத்தம் 222. இன்னொருவன் 75, 75, 55. இரண்டு ஏ, ஒரு சி. மொத்தம் 205. ஊர்க்காரர் ‘அவனுக்கு இரண்டு ஏயாம்’ என்று அவனைத்தான் கொண்டாடுவார்கள். பதினேழு புள்ளி கூட எடுத்தவள் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் இருப்பாள்.

அப்போ மொத்தப் புள்ளியை வைத்தே அனுமதி கொடுக்கலாமே? அப்படித்தான் முன்பு செய்தார்கள், நான்கு பாடம், நானூறு புள்ளி. அதிலும் சிக்கல். எல்லாப் பாட வினாத்தாளும் ஒரே கடினத்தில் அமையாது, எல்லாப் பாடத்திலும் புள்ளி ஒரே மாதிரிப் பரவாது. அதற்காகத்தான் 2001 முதல் இசட் புள்ளி. பிள்ளையின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவி நிற்கின்றன என்ற அளவால்) வகுப்பது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். புவியியலில் சராசரி 40, நியம விலகல் 15. தமிழில் சராசரி 55, விலகல் 10. புவியியலில் 70 எடுத்த பிள்ளைக்கு 30ஐ 15ஆல் வகுக்க 2.0. தமிழில் 75 எடுத்த பிள்ளைக்கு 20ஐ 10ஆல் வகுக்க 2.0. ஒன்று பி, மற்றது ஏ. இசட் புள்ளி இரண்டுக்கும் ஒன்று. மூன்று பாடத்தின் இசட் புள்ளிகளையும் கூட்டி மூன்றால் பிரித்து, நான்கு தசமதானத்துக்கு எழுதிவிடுவார்கள். ‘மூன்று ஏ எடுத்தும் மெடிசின் கிடைக்கேல்லை’ என்று வீடுகளில் கேட்கிற அழுகை, இந்த நான்கு தசமதானத்துக்குள் நடக்கிற விசயம்.

அதிலும் யாரோடு யாரைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறோம் என்பதுதான் உயிர். 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒரே கூட்டமாக்கிக் கணக்குப் பார்த்தார்கள். வழக்குப் போனது. 2012இல் உயர் நீதிமன்றம் அந்தக் கணிப்பைத் தள்ளி, இரண்டையும் தனித்தனிக் கூட்டமாக எடுத்துத் திரும்பக் கணிக்கச் சொன்னது. வகுப்பறைக்கும் இதில் பாடம் இருக்கிறது. பதினொரு பேர் உள்ள கொட்டிலில் ‘முதல் இரண்டு பேருக்கு ஏ’ என்று வரிசையை வைத்து எழுத்துக் கொடுத்தால், ஒரு கெட்டிக்காரி வேறு ஊருக்கு மாறிப் போன கிழமையிலேயே ஒன்றும் கூடப் படிக்காத ஒருவனுக்கு ஏ வந்துவிடும்.

பல்கலைக்கழக அனுமதிக்குப் புள்ளிகளைச் சரிக்கட்டிய தரப்படுத்தல் என்ற சொல்லை இங்கே சும்மா உச்சரிக்க முடியாது. 1970களின் தொடக்கத்தில் மருத்துவத்துக்குத் தமிழ் மொழி மூலப் பிள்ளைக்கு 250 புள்ளியும் சிங்கள மொழி மூலப் பிள்ளைக்கு 229 புள்ளியும் வெட்டுப்புள்ளியாக நின்றன. அந்த 21 புள்ளி பிறகு எங்கே போய் முடிந்தது என்று வன்னியில் நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஆனால் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு, அதை எங்கள் பக்கத்தில் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வார்கள். 1974இல் வந்த மாவட்டப் பங்கீடு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை அடித்தது. மன்னார், வவுனியாப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்ததும் அதே பங்கீடுதான். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல், கிளிநொச்சி 1984இல். அதற்கு முன் கிளிநொச்சிப் பிள்ளை யாழ்ப்பாணத்துக் கணக்கிலேயே போட்டியிட்டது. இன்றைய ஒழுங்கில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். வன்னியின் நான்கு மாவட்டமும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. ஆக, அதே இசட் புள்ளிக்குக் கொழும்பில் ஒரு முடிவு, முல்லைத்தீவில் வேறொரு முடிவு. இதை அநியாயம் என்பவர்களும் உண்டு. விஞ்ஞான ஆய்வுகூடமே பார்க்காமல் உயிரியல் எழுதுகிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். எனக்கு அநியாயமாகப் படவில்லை.

வளாகத்துக்குப் போனபின் எழுத்து இன்னொருமுறை வேசம் மாறும். வவுனியாப் பல்கலைக்கழகமோ, கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்களோ, எங்கே போனாலும் எழுத்துக்குப் பின்னால் ஓர் எண் ஒட்டியிருக்கும்: ஏ என்றால் 4.0, ஏ சய 3.7, பி சக 3.3, பி 3.0 என்று இறங்கும். பிளஸ், மைனஸ் என்றே பிள்ளைகள் சொல்வார்கள். எந்தப் புள்ளிக்கு எந்த எழுத்து என்பது பீடத்துக்குப் பீடம் மாறலாம், கையேட்டைப் பார்க்க வேண்டும். இந்த எண்களின் சராசரிதான் ஜி.பி.ஏ. முதல் வகுப்புக்குப் பொதுவாக 3.70 கேட்பார்கள். கவனியுங்கள், புள்ளி எழுத்தாகி, எழுத்து திரும்ப எண்ணாகி, அந்த எண் சராசரியாகி, சராசரி திரும்ப ‘முதல் வகுப்பு’ என்ற சொல்லாகிறது. நெல்லை அரிசியாக்கி, அரிசியை மாவாக்கி, மாவைப் பிட்டாக்கினால் எத்தனை நெல் இருந்தது என்று யார் எண்ணுவது?

போன வருடம் என்னிடம் படித்துப் பொறியியலுக்குப் போன பையன் ஒருவன் இரவு பத்து மணிக்குத் தொலைபேசி எடுத்தான். மூடில் என்கிற இணைய வகுப்புத் தளத்தில் குவிஸ் செய்திருக்கிறான். நூற்றுக்கு 78. பக்கத்தில் சி பிளஸ் என்று காட்டுகிறது. “சேர், 78க்கு ஏயெல்லோ? இவங்கள் ஏன் சி போடுறாங்கள்?” குரல் உடைந்துவிட்டது. நான் சிரித்ததும் அவனுக்குக் கோபம். மூடில் மென்பொருளோடு வருகிற இயல்பான எழுத்து அட்டவணை அமெரிக்கப் பழக்கத்தில் அமைந்தது. அங்கே 93க்கு மேல்தான் ஏ, 83க்கு பி, 77க்கு சி பிளஸ், 73க்கு சி, 60க்குக் கீழே எஃப். பாடத்தை நடத்துகிறவர் அமைப்புக்குள் போய் அதை மாற்றலாம். மாற்றாவிட்டால் மென்பொருள் தனக்குத் தெரிந்ததைக் காட்டும். எங்கள் 75 என்ற ஏ அந்த அட்டவணையில் வெறும் சி. அவர்களுடைய வினாத்தாள் 90ஐ எடுக்கக்கூடியதாக அமைப்பார்கள். எங்களுடையது 75ஐ எட்டவே மூச்சு வாங்க வைக்கும். உயர்தரப் பிள்ளைகளுக்கு இது தெரியும். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பரீட்சைத் தாளில் பி எடுத்தவனையும் பள்ளிக்கூடத் தாளில் பி எடுத்தவனையும் அவர்கள் ஒரே வரிசையில் நிறுத்தமாட்டார்கள். பையனுக்கு, அந்த எழுத்தைப் பார்க்காதே, 78ஐப் பார், பீடக் கையேட்டில் 78க்கு என்ன என்று பார் என்று சொன்னேன். அடுத்த நாள் ‘ஏ’ என்று ஒரே எழுத்தில் செய்தி அனுப்பியிருந்தான்.

என் கொட்டிலுக்கு வருகிறேன். அந்தப் பிள்ளையிடம் அடுத்த வகுப்பில் உண்மையைச் சொன்னேன். பிழை உன்னில் இல்லை, சோதினையில்தான் பி இருக்கவில்லை என்று. கரும்பலகையில் ஆறு எண்ணையும் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப எனக்கு வந்த ஏ?” என்றாள். அதுவும் அப்படித்தான், நான்கு கேள்வி சரி, அவ்வளவுதான் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

இப்போது மாதத்துக்கு ஒரு சோதினை, இருபது கேள்வி. போன வெள்ளிக்கிழமை திருத்திக் கொடுத்தேன். அவளுக்குப் பதின்மூன்று சரி. 65. எழுத்துப் போடாமல் 13/20 என்று மட்டும் எழுதியிருந்தேன். கொப்பியை வாங்கிக்கொண்டு வாங்கில் இருந்து விரல் விட்டு எண்ணினாள். பிறகு பேனையை எடுத்துப் பக்கத்தில் தானே ‘பி’ என்று எழுதிக்கொண்டாள்.

“ஒண்டு குறைஞ்சிருந்தால் சி என்ன, சேர்?”

ஓம் என்றேன்.